இரண்டு ஒலிபெருக்கிகள், ஒரே குரல்: புளூடூத் பெட்டிகளைச் சேர்த்து இயக்கும் முறை

வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கும் முறையை, மும்பை தாராவியின் ஒரு சந்தில் கூடியிருக்கும் தாய்மார்களுக்குச் சுகாதார ஊழியர் ஒருவர் விளக்க வேண்டியிருக்கிறது என்று கொள்வோம். பாடம் கைப்பேசியில் பதிவு செய்யப்பட்டிருக்கிறது. ஒரு பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும் என்று அது கூறுகிறது. பெட்டியின் அருகில் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கிறது. சந்தின் மறுகோடியில் நிற்கும் தாய்க்கோ 'லிட்டர்' என்ற சொல் மங்கிவிடுகிறது. அவர் ஒரு தம்ளர் நீரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு அளவுக்கு மீறிக் குழந்தைக்குத் தீங்கு நேரும். ஆகவே, கேட்கும் வசதி என்பது வெறும் சுகமன்று. சில வேளைகளில் அது உயிரைக் காப்பதாகவும் அமைகிறது.

இத்தகைய இடங்களில் ஒலியைக் கூட்டுவதே வழி என்று பலர் எண்ணுகின்றனர். ஒலியைக் கூட்டினால் முன்னால் இருப்பவர்களின் காது அடைக்கிறது. மெல்லிய சுவருக்கு அப்பால் உறங்கும் நோயாளிக்கும் படிக்கும் மாணவனுக்கும் இடையூறு உண்டாகிறது. இதற்கு மாறாக, கையில் எடுத்துச் செல்லத்தக்க இரு சிறிய புளூடூத் ஒலிபெருக்கிகளை ஒன்றாக இணைத்துத் தக்க இடங்களில் வைத்தால், குறைந்த ஒலியிலேயே யாவரும் கேட்க முடியும். மக்கள் 'ஸ்பீக்கர்' என்று வழங்கும் இப்பெட்டிகள் இன்று பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் மலிந்துள்ளன. ஆயினும் முறையறியாமல் இரண்டை இயக்கினால் ஒன்று தந்த தெளிவும் கெட்டுவிடும். அம்முறையையும் அதன் விஞ்ஞானக் காரணங்களையும் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

ஒரு பெட்டியின் எல்லை

திறந்த வெளியில், ஒலி தோன்றும் இடத்திலிருந்து தூரம் இரு மடங்காகும்போதெல்லாம் அதன் அளவு 6 டெசிபல் குறைகிறது. ஒரு மீட்டர் தூரத்தில் 70 டெசிபலாக இருக்கும் ஒலி, 2 மீட்டரில் 64, 4 மீட்டரில் 58, 8 மீட்டரில் 52 டெசிபலாகக் குறையும். அறைக்குள் சுவரும் கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் இக்குறைவு இவ்வளவு இராது. ஆனால் திரும்பி வரும் ஒலி சற்றுத் தாமதமாக வருவதால், அது சொல்லைப் பலப்படுத்துவதைவிடக் குழப்புவதே மிகுதி.

இரு பெட்டிகளை ஒரே மேசையில் அருகருகே வைத்தால் ஒலி இரு மடங்காகும் என்பது தவறான எண்ணம். சம வலிவுள்ள இரு பெட்டிகள் சேரும்போது கேட்குமிடத்தில் ஒலி பெரும்பாலும் 3 டெசிபல் அளவே கூடும். இரு ஒலிகளும் அலைக்கு அலை சரியாகப் பொருந்தும் இடங்களில் அதிகமாக 6 டெசிபல் வரை கூடும். ஒலி இரு மடங்கானதாகக் காதுக்குத் தோன்ற வேண்டுமானால் சுமார் 10 டெசிபல் கூட வேண்டும்.

தெருவின் ஒரு கோடியில் இரு விளக்குகளை ஒன்றாக ஏற்றினால் மறுகோடியில் இருள் அவ்வளவாகக் குறைவதில்லை. அவற்றையே இடம் பிரித்து வைத்தால் தெரு முழுவதும் வெளிச்சம் பரவுகிறது. ஒலிபெருக்கியும் அத்தகையதே. இரண்டாவது பெட்டியின் பயன் உரத்த ஒலியன்று, ஒலியின் சீரான பரவல் என்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும்.

புளூடூத் வானொலி

புளூடூத் என்பது குறுகிய தூரத்திற்குரிய வானொலி முறை. 1998ஆம் ஆண்டில் எரிக்சன், ஐ.பி.எம்., இன்டெல், நோக்கியா, தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் கூடி இதற்கென ஒரு பொது அமைப்பை நிறுவின. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்ற அரசரின் பட்டப் பெயரே இதற்கு இடப்பட்டது.

இம்முறை 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசைப் பகுதியில் இயங்குகிறது. இந்திய அரசு 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிகளின்படி, இப்பகுதியில் குறைந்த திறனுள்ள கருவிகளை இயக்க உரிமம் பெற வேண்டியதில்லை. அதே பகுதியை வைஃபை கருவிகளும் பயன்படுத்துகின்றன. நுண்ணலை அடுப்பும் இப்பகுதியிலேயே இயங்குகிறது. வீடுகள் நெருங்கிய தாராவி போன்ற இடத்தில் இவ்வலைவரிசை ஓயாத சந்தடி நிறைந்த கடைவீதியை ஒத்தது.

அச்சந்தடியிலிருந்து தப்ப புளூடூத் ஓர் உபாயத்தைக் கையாளுகிறது. இசை அனுப்பும் வழக்கமான முறையில், தனக்குரிய பகுதியை 79 தடங்களாகப் பிரித்துக்கொண்டு, விநாடிக்கு 1,600 முறை தடம் மாறித் தாவுகிறது. ஒரு தடத்தில் இடையூறு நேர்ந்தாலும் அடுத்த தடத்தில் செய்தி சென்றுவிடும். இடையூறு மிகுந்த தடங்களைக் கண்டறிந்து விலக்கும் ஏற்பாடு 2003ஆம் ஆண்டில் வந்த 1.2 பதிப்பில் சேர்க்கப்பட்டது. தடம் தாவும் கருத்து பழமையானது. திரைப்பட நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தீலும் 1942ஆம் ஆண்டிலேயே இத்தகையதொரு முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றனர்.

அனுப்பும் கருவியும் பெறும் கருவியும் ஒரே நேரத்தில் ஒரே தடத்துக்குத் தாவ வேண்டும். அதற்கு இரண்டின் கடிகாரங்களும் ஒத்திருத்தல் அவசியம். ஆகவே ஒரு கருவி தலைமை வகிக்கிறது. மற்றது அதன் கடிகாரத்தைப் பின்பற்றுகிறது. இரு பெட்டிகளைச் சேர்த்து இயக்கும் வித்தையும் இக்கடிகார ஒற்றுமையையே ஆதாரமாகக் கொண்டது.

இரண்டாவது பெட்டிக்கு ஒலி செல்லும் வழிகள்

கைப்பேசியிலிருந்து இசை அனுப்பும் வழக்கமான புளூடூத் ஏற்பாடு, ஒரு கருவியிலிருந்து மற்றொரு கருவிக்குச் செல்லும் நேர்வழியாகவே வகுக்கப்பட்டது. ஆகவே இரண்டாவது பெட்டிக்கு ஒலியைக் கொண்டு செல்ல மூன்று வழிகள் ஏற்பட்டுள்ளன.

முதலாவது, பெட்டிகளே தமக்குள் இணையும் முறை. கைப்பேசி ஒரு பெட்டியோடு மட்டும் பேசுகிறது. அந்த முதற்பெட்டி தான் பெற்ற ஒலியை இரண்டாவது பெட்டியோடு பகிர்ந்துகொண்டு, இரண்டும் ஒரே கணத்தில் ஒலிக்கும்படி பார்த்துக்கொள்கிறது. 'டி.டபிள்யூ.எஸ்.' என்று அட்டைப்பெட்டியில் அச்சிடப்பட்டிருப்பது பெரும்பாலும் இம்முறையே. ஒவ்வொரு நிறுவனமும் இதைத் தனக்கே உரிய வகையில் அமைத்துள்ளதால், ஒரு நிறுவனத்தின் பெட்டி மற்றொன்றின் பெட்டியோடு பொதுவாகச் சேராது. ஒரே நிறுவனத்திலும் வேறுபாடு உண்டு. ஜே.பி.எல். நிறுவனத்தின் 'கனெக்ட் பிளஸ்' வகைப் பெட்டிகள் அதே நிறுவனத்தின் 'பார்ட்டிபூஸ்ட்' வகையோடு சேர்வதில்லை.

இரண்டாவது, கைப்பேசியே இரு பெட்டிகளுக்கும் தனித்தனியே அனுப்பும் முறை. 2017ஆம் ஆண்டு முதல் சில சாம்சங் கைப்பேசிகளில் 'டுயல் ஆடியோ' என்ற பெயரில் இவ்வசதி உள்ளது. வேறுபட்ட நிறுவனங்களின் பெட்டிகளையும் இதனால் இணைக்கலாம். ஆனால் இரு பெட்டிகளும் வெவ்வேறு அளவு தாமதம் உடையனவாக இருப்பின் ஒலிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

மூன்றாவது, ஒலிபரப்பு முறை. 2020ஆம் ஆண்டில் வெளிவந்த 5.2 பதிப்பு இதற்கு வழி வகுத்தது. 2022ஆம் ஆண்டில் இதற்கு 'ஆராகாஸ்ட்' என்ற பெயர் அளிக்கப்பட்டது. வானொலி நிலையத்தைப் போல ஒரு கருவி ஒலிபரப்ப, அம்முறைக்குரிய எத்தனை பெட்டிகளும் அதைப் பெறலாம். இது பொதுவான தரமாதலால் நிறுவன வேறுபாடு காலப்போக்கில் குறைய இடமுண்டு. பழைய பெட்டிகளுக்கு இவ்வசதி இல்லை.

பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ பெட்டிகள் வாங்குவோர் இதிலிருந்து அறிய வேண்டுவது ஒன்று. இரண்டையும் ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரியாக, கூடுமானால் ஒரே சமயத்தில் வாங்குவதே நலம். ஒன்றை இன்று வாங்கி மற்றொன்றை அடுத்த நிதியாண்டில் வாங்கினால், இரண்டும் சேராமற்போகக்கூடும்.

காலப் பொருத்தம்

ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. அதாவது ஒரு மீட்டர் செல்ல ஏறத்தாழ 3 மில்லி விநாடி ஆகிறது. 8 மீட்டர் இடைவெளியில் உள்ள இரு பெட்டிகளில் ஒன்றன் அருகே நிற்பவருக்கு மற்றதன் ஒலி சுமார் 23 மில்லி விநாடி பிந்தி வரும். இவ்வளவு சிறிய தாமதத்தைக் காது தனி ஒலியாகப் பிரித்துணர்வதில்லை. முதலில் வந்த ஒலியின் திசையிலிருந்தே முழு ஒலியும் வருவதாக அது கொள்கிறது. 1949ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஹெல்முட் ஹாஸ் என்பவர் பேச்சொலியைக் கொண்டு இதை ஆராய்ந்தார். ஆதலால் இது ஹாஸ் விளைவு எனப்படுகிறது. தாமதம் 50 மில்லி விநாடிக்கு மேற்பட்டால் பேச்சில் எதிரொலி தோன்றத் தொடங்கும்.

புளூடூத் பெட்டியில் ஒலியைச் சுருக்கி அனுப்பவும், பெற்று விரிக்கவும், தடையின்றி ஒலிக்கச் சிறிது சேமித்து வைக்கவும் நேரம் ஆகிறது. வழக்கமான முறையில் இது 100 முதல் 250 மில்லி விநாடி வரை இருப்பது சாதாரணம். ஒரு பெட்டி 150 மில்லி விநாடியும் மற்றொன்று 230 மில்லி விநாடியும் தாமதித்தால், இடைவெளி 80 மில்லி விநாடியாகும். இது, பெட்டிகளில் ஒன்றை மற்றதைவிட 27 மீட்டர் பின்னுக்குத் தள்ளி வைத்ததற்குச் சமம்.

தமிழ்ப் பேச்சில் இதன் கேடு மிகுதி. 'படம்' என்பதற்கும் 'பட்டம்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை, ஒற்று நிற்கும் கணநேர மௌனமே பெரிதும் காட்டுகிறது. 'பல்' என்பதையும் 'பால்' என்பதையும் உயிரின் கால அளவே பிரிக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை என்று இலக்கண நூலார் வகுத்ததும், கண் இமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையும் அளவாகக் கொண்டதும் ஆசிரியர்கள் அறிந்ததே. பிந்தி வரும் இரண்டாவது ஒலி அம்மௌனத்தை நிரப்பிவிடுகிறது. குறிலை நெடில்போல் நீட்டிவிடுகிறது. ஒலி போதிய அளவு இருந்தும் சொல் விளங்காமற்போவதற்கு இதுவே காரணம்.

ஒரே கணத்தில் தொடங்கிவிட்டால் போதும் என்றும் கொள்வதற்கில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு படிகக் கடிகாரம் உள்ளது. அது பத்து லட்சத்தில் 20 பங்கு வேகமாகவோ மெதுவாகவோ ஓடலாம். ஒன்று வேகமாகவும் மற்றொன்று மெதுவாகவும் ஓடினால் வேறுபாடு பத்து லட்சத்தில் 40 பங்காகும். அதாவது நிமிடத்துக்கு 2.4 மில்லி விநாடி. 20 நிமிடப் பாடத்தின் முடிவில் இது 48 மில்லி விநாடியாகி எதிரொலியின் எல்லையைத் தொட்டுவிடும். முறையாக இணைக்கப்பட்ட இரு பெட்டிகளில் இரண்டாவது பெட்டி முதற்பெட்டியின் கடிகாரத்தை இடைவிடாது பார்த்துத் தன் வேகத்தைத் திருத்திக்கொள்கிறது. இணைத்தல் என்ற செயலின் உட்பொருள் இதுவே.

இணைக்கும் முறை

பொத்தான்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுமாயினும், பெட்டிகள் தமக்குள் இணையும் முதலாவது முறைக்குரிய வரிசை பொதுவானது.

1. இரு பெட்டிகளின் பாட்டரிகளையும் முழுமையாக மின்னேற்றம் செய்யவும்.

2. கைப்பேசியின் புளூடூத் பட்டியலில் இரு பெட்டிகளின் பெயரும் முன்பே இருந்தால் இரண்டையும் நீக்கவும். கைப்பேசி பழைய நினைவால் இரண்டாவது பெட்டியைத் தனியே பற்றிக்கொள்வதே இணைப்புத் தவறுவதற்கு அடிக்கடி காரணமாகிறது.

3. இரு பெட்டிகளையும் ஒரு மீட்டருக்குள் வைத்து இயக்கவும்.

4. முதற்பெட்டியை மட்டும் கைப்பேசியோடு இணைத்து, ஏதேனும் ஒரு பதிவை ஒலிக்கச் செய்யவும்.

5. பெட்டிகளில் உள்ள சேர்ப்புப் பொத்தானை அழுத்தவும். சிலவற்றில் இதற்கெனத் தனிப் பொத்தான் உண்டு. சிலவற்றில் புளூடூத் பொத்தானை இரு முறை அழுத்த வேண்டும் அல்லது சிறிது நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பெட்டியோடு வந்த குறிப்பேட்டைப் பார்த்துக்கொள்ளவும்.

6. இணைந்ததை அறிவிக்கும் ஓசை எழுந்து, இரண்டிலும் ஒலி வந்ததும் கைப்பேசியைப் பார்க்கவும். அதில் ஒரே ஒரு பெட்டியின் பெயரே இணைப்பில் இருக்க வேண்டும்.

7. இரண்டிலும் ஒரே ஒலியா, இடம் வலம் என்று பிரிந்த ஸ்டீரியோ ஒலியா என்பதைத் தேர்ந்துகொள்ளவும். பேச்சுக்கும் பாடத்துக்கும் ஒரே ஒலியே ஏற்றது. ஸ்டீரியோவில், குரல் ஒரு பக்கத்தில் மட்டும் பதிவாகியிருந்தால் வகுப்பில் பாதிப் பேருக்குப் பாடம் கேளாது. பெட்டியில் இத்தேர்வு இல்லையெனில், கைப்பேசியின் அணுகல் வசதிகளில் உள்ள 'மோனோ' அமைப்பை இயக்கவும்.

8. இணைப்பு உறுதியான பின்னரே பெட்டிகளை அவற்றிற்குரிய இடங்களுக்குக் கொண்டு செல்லவும்.

ஒலிவாங்கியில் நேரடியாகப் பேசுவதற்கு இப்பெட்டிகள் பொதுவாக ஏற்றவையல்ல. பேசுபவரின் சொந்தக் குரலே கால் விநாடி வரை பிந்தி ஒலிப்பதால் அவருக்கே நாக்குத் தடுமாறும். பதிவு செய்த பாடத்துக்கும் இசைக்கும் இவை போதுமானவை.

இடத்துக்கேற்ற அமைப்பு

தாராவியில் 3 மீட்டர் அகலமும் 4 மீட்டர் நீளமும் உள்ள அறைக்கு ஒரு பெட்டியே போதும். அங்கே இரண்டு வைப்பது வீண். சந்தில் நடக்கும் கூட்டத்துக்கே இரண்டு தேவைப்படும். 12 மீட்டர் நீளமுள்ள சந்தில், ஒவ்வொரு கோடியிலிருந்தும் 3 மீட்டர் உள்ளே ஒன்றாக இரு பெட்டிகளை வைத்தால், அவற்றிடையே 6 மீட்டர் இருக்கும். சந்தின் நீளவாட்டில் எவரும் ஒரு பெட்டியிலிருந்து சுமார் 3 மீட்டருக்கு மேல் விலகியிருக்க மாட்டார். பெட்டிகளைத் தலைக்கு மேல் உள்ள உயரத்தில் வைக்க வேண்டும். மனித உடலில் உள்ள நீர் இவ்வலைவரிசையை உறிஞ்சிக்கொள்வதால், இடையில் மக்கள் கூட்டமாக நின்றால் இணைப்புத் தடுமாறும். தகரக் கூரையும் இரும்புக் கதவும் அலைகளைத் தடுக்கும். பெட்டிகள் ஒன்றையொன்று நேரே பார்க்கும்படி அமைவது நலம்.

மாதுங்காவில் உள்ளது போன்ற பள்ளி வகுப்பறை 8 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உடையது என்று கொள்ளலாம். ஒரு பெட்டியை முன்சுவரின் நடுவில் வைத்தால், பின்மூலையில் உள்ள மாணவன் 8 மீட்டருக்கு மேல் விலகியிருக்கிறான். இரு பெட்டிகளையும் முன்சுவரின் இரு மூலைகளில் வைத்தாலும் அவனுடைய நிலை அவ்வளவாக மாறாது. பக்கச் சுவர்கள் இரண்டின் நடுவில் ஒவ்வொன்றாக வைத்தால் எந்த மாணவனும் ஒரு பெட்டியிலிருந்து 5 மீட்டருக்கு மேல் விலகியிருக்க மாட்டான். 8 மீட்டர் 5 மீட்டராகக் குறைவதால் 4 டெசிபலும், இரு பெட்டிகள் சேர்வதால் சுமார் 3 டெசிபலும் ஆதாயம். திறந்த வெளிக்குரிய கணக்கின்படி, ஒவ்வொரு பெட்டியையும் 7 டெசிபல் தணித்து வைத்தும் கடைசி மாணவனுக்கு முன்போலவே கேட்கும். அறைக்குள் இந்த ஆதாயம் சற்றுக் குறையும். பெட்டிக்கும் அதனருகே உள்ள இருக்கைக்கும் இடையே ஒரு மீட்டராவது விட வேண்டும்.

செம்பூரில் குடியிருப்புச் சங்கத்தின் கூடத்தில் நாலைந்து பேர் அமர்ந்து கர்நாடக இசைப் பதிவைக் கேட்பதாயின், அங்கே ஸ்டீரியோ முறை பொருந்தும். இருபுற ஒலிப்பதிவுக்குரிய அடிப்படைக் காப்புரிமைக்கு ஆங்கிலப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931ஆம் ஆண்டில் விண்ணப்பித்தார். பெட்டிகள் இரண்டும் கேட்பவரும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் இருக்க வேண்டும். பெட்டிகளிடையே 2 மீட்டர் எனில், கேட்பவரும் ஒவ்வொன்றிலிருந்தும் 2 மீட்டரில் அமர வேண்டும். நடுவிலிருந்து விலகியவருக்கு அருகிலுள்ள பெட்டியே மேலோங்கும். கூட்டம் பெரிதானால் ஸ்டீரியோவைக் கைவிட்டு இரண்டிலும் ஒரே ஒலியை வைப்பதே முறை.

மாதுங்கா, சயான் பகுதியில் 1963ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சண்முகானந்தா அரங்கைப் போன்ற பெரிய மண்டபங்களுக்கு இப்பெட்டிகள் ஏற்றவையல்ல. சாதாரணப் பெட்டிகளின் நம்பத்தக்க இணைப்பு எல்லை சுமார் 10 மீட்டர். ஒலியின் காலப் பொருத்தத்துக்கும் ஏறத்தாழ அதுவே தக்க எல்லை.

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். வெளியில் பயன்படுத்துவோர் 'ஐ.பி.எக்ஸ்.7' அல்லது 'ஐ.பி.67' என்ற குறியுள்ள பெட்டிகளை வாங்குதல் நலம். ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் இருந்தாலும் கெடாது என்பது 7 என்ற எண்ணின் பொருள். ஆயினும் நனைந்த பெட்டியை நன்றாக உலர்த்திய பின்னரே மின்னேற்றம் செய்ய வேண்டும்.

சட்டத்தின் வரம்பு

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு கட்டியுள்ளன. அமைதி மண்டலங்களுக்கு இது முறையே 50, 40 ஆகும். பொது இடத்தில் ஒலிபெருக்கி வைக்க உரிய அதிகாரியிடம் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். தனியார் இடத்தில் ஒலிக்கும் கருவியின் ஓசை, அவ்விடத்தின் எல்லையில், அப்பகுதிக்குரிய வரம்பை 5 டெசிபலுக்கு மேல் மீறலாகாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குப் பொதுவாக இடமில்லை. பெட்டி சிறியது என்பதால் விதி தளர்வதில்லை. சந்தில் பாடம் நடத்தும் ஊழியர் முன்கூட்டியே அனுமதி பெறுவதோடு, இருபுற வீட்டாரிடமும் நேரத்தைச் சொல்லி வைப்பது நல்ல வழக்கம்.

குறைகளும் காரணங்களும்

ஒரு பெட்டியில் மட்டும் ஒலி வருமாயின், இணைப்பு முடியவில்லை அல்லது கைப்பேசி இரண்டாவது பெட்டியைத் தனியே பற்றியிருக்கிறது என்று பொருள். பெயர்களை நீக்கி மீண்டும் முதலிலிருந்து தொடங்கவும்.

ஒலி இரட்டித்துக் கேட்டால், பெட்டிகள் தமக்குள் இணையாமல் கைப்பேசியோடு தனித்தனியே இணைந்திருக்கலாம். அல்லது 15 மீட்டருக்கு மேல் விலகியிருக்கலாம்.

இரண்டாவது பெட்டி மட்டும் விட்டுவிட்டு ஒலித்தால், இடையில் இரும்போ மக்களோ இருக்கின்றனரா என்றும், அருகில் வைஃபை கருவி உள்ளதா என்றும் பார்க்கவும். பெட்டியை ஓரிரு அடி நகர்த்துவதே பல வேளைகளில் போதுமானது. இவ்வலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர்தான். ஆகவே சிறு நகர்வும் பெரிய மாறுதலைத் தரும்.

ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரிப் பெட்டிகளும் சேர மறுத்தால், அவற்றின் உள்மென்பொருள் வெவ்வேறு பதிப்பாக இருக்கலாம். நிறுவனத்தின் செயலி மூலம் இரண்டையும் ஒரே பதிப்புக்குக் கொண்டுவர வேண்டும்.

வகுப்பறைச் சோதனைகள்

சோதனை 1: தாளக்கருவிச் செயலி ஒன்றை நிமிடத்துக்கு 60 தட்டுகள் வீதம் இயக்கி, இணைத்த இரு பெட்டிகளிலும் ஒலிக்கச் செய்யவும். பெட்டிகளை 8 மீட்டர் இடைவெளியில் வைக்கவும். நடுவில் நிற்கும் மாணவனுக்கு ஒரே தட்டுக் கேட்க வேண்டும். அவன் ஒரு பெட்டியை நோக்கி மெல்ல நடந்தால், ஒலி முழுவதும் அப்பெட்டியிலிருந்தே வருவதாகத் தோன்றும். மற்றப் பெட்டியை ஒருவர் கையால் மூடினால்தான் அதுவும் ஒலித்துக்கொண்டிருந்தது என்று அவன் உணர்வான். இது ஹாஸ் விளைவைக் காட்டும்.

சோதனை 2: இணைப்பை நீக்கி, இரு பெட்டிகளையும் இரு கைப்பேசிகளோடு தனித்தனியே இணைக்கவும். இரு மாணவர்கள் ஒரே பதிவை ஒரே சமயத்தில் தொடங்க முயலட்டும். எவ்வளவு கவனமாக முயன்றாலும் ஒலி இரட்டிப்பதைக் கேட்கலாம். பின்னர் ஆசிரியர் 'படம், பட்டம். பல், பால்' போன்ற சொற்களைப் பதிவு செய்து, முதலில் இணைத்தும் பிறகு இணைக்காமலும் ஒலிக்கச் செய்து, பின்வரிசை மாணவர்களை எழுதச் சொல்லவும். பிழைகளின் எண்ணிக்கையை ஒப்பிடுவது நல்ல பாடமாகும்.

சோதனை 3: கைப்பேசியை எவர்சில்வர் டிபன் டப்பாவில் வைத்து இறுக மூடவும். ஒலி தடுமாறுவதை அல்லது நின்றுவிடுவதைக் காணலாம். உலோகம் வானொலி அலைகளைத் தடுக்கும் என்பதற்கு இது சான்று.

பயிற்சி வினாக்கள்

1. ஒரு மீட்டரில் 68 டெசிபலாக உள்ள ஒலி, திறந்த வெளியில் 4 மீட்டரில் எவ்வளவாக இருக்கும்?

2. இரு பெட்டிகளின் தாமதத்தில் 60 மில்லி விநாடி வேறுபாடு உள்ளது. இது எத்தனை மீட்டர் தூரத்துக்குச் சமம்? பேச்சுக்கு இது ஏற்றதா?

3. வகுப்பறையில் பாடப் பதிவுக்கு ஸ்டீரியோ முறை ஏன் ஏற்றதன்று?

4. இரு பெட்டிகளை ஒரே மேசையில் வைப்பதால் ஆதாயம் சிறிதே என்பதை விளக்குக.

5. தமது பள்ளி அல்லது பணியிடத்தின் அறையை அளந்து, யாவரும் சீராகக் கேட்கும்படி இரு பெட்டிகளை வைக்க வேண்டிய இடங்களை வரைபடத்தில் குறிக்கவும்.

ஐந்தாவது வினாவுக்கான விடையைச் சுவரில் ஒட்டி வைத்து, கடைசி வரிசையில் அமர்ந்து ஒருமுறை கேட்டுச் சரிபார்ப்பது ஆசிரியரின் பொறுப்பு. முன்வரிசையில் நின்று கேட்பவருக்கு எந்த ஏற்பாடும் நல்ல ஏற்பாடாகவே தோன்றும்.